வெளிய தெரியாத உறை

தோலு வேணாம் வேணாம்ன்றேன், திரும்பத் திரும்பத் தோலையே எடுத்துப் போடுறியே ஜப்பார் பாய்! கள்ளக்குறிச்சியில பெல்ட்டு, பையி தெக்கிற கடைக்கா பஞ்சம்? ஒண்ணாப் படிச்சவனாச்சேன்னு உங்கிட்ட வந்தேன். தோலுல துப்பாக்கி உறை போட்டுப் பாத்தாச்சு பாய். இந்த வெயில்ல வேர்வையக் குடிச்சி ஊறிப்போயி... ஐய! நாத்தத்துல செத்த எலி தோத்துச்சு போ. பொண்டாட்டி அத வூட்டுக்குள்ளயே சேக்கல. கொடியில காயப் போட்டேன், நாய் இழுத்துக்கினு போயிடுச்சு.

ரெக்சினா? அந்தப் பேச்சே எடுக்காத. இடுப்பு பூரா வேர்க்குரு. நாலு பெரிய மனுசங்க நடுவுல பிளாட்டுக்கு வெல பேசிக்கினே ஒரு கையால சொறிஞ்சிக்கினு நின்னா, எவன் பாய் எங்கிட்ட மனை வாங்குவான்?

பிளாஸ்டிக்கு வேர்வையக் குடிக்காது, வாஸ்தவந்தான். ஆனா சதையக் கடிக்குதே! வெள்ளிமலை பஸ்ல ஒவ்வொரு வளைவுக்கும் விலாவுல ஒரு குத்து. "இன்னாண்ணே, புள்ளத்தாச்சி மாதிரி வயித்தப் புடிச்சிக்கினு வர்றே"ன்றான் கண்டக்டரு. பஸ்ஸே சிரிக்குது.

இன்னா, அளவா? எடுக்கலாம், எடுக்கலாம். சாமானை அப்புறம் காட்டறேன், மொதல்ல கேளு.

எனக்கு வேண்டியது ஒண்ணுதான். வெளிய தெரியக் கூடாது. ஆனா இருக்குதுன்னு தெரியணும். முழிக்காத! கண்ணாயிரம் உசிருக்கு ஆபத்து, இடுப்புல வச்சிருக்கான்னு நாலு பேரு என்னப் பத்திப் பேசினாத்தானே மரியாதை? ஆபத்து யாராலயா... அட, லைசென்சுக்காக எழுதிக் குடுத்தது, உட்டுத் தள்ளு. என்னையப் போயி எவன் சுடப் போறான்?

பேண்ட் போடுன்றியா? நல்ல ஆளு நீ! வேட்டி கட்டாத பிளாட் புரோக்கர எவன் நம்புவான்? அதான் பழைய போர்வையக் கிழிச்சி, பொண்டாட்டிய வுட்டு ஒரு உறை தெக்கச் சொல்லி வேட்டிக்குள்ள கட்டினேன். மெத்துமெத்துன்னு, ஆஹா, இருக்கறதே தெரியல. அதுதான் பாய் என் குடியக் கெடுத்துச்சு.

நேத்து எம்பொண்ணு மலர்விழிக்குக் கல்யாணம் உறுதி பண்ண மூங்கில்துறைப்பட்டு போனோம். மாப்ளைக்கு மில்லுல வேலை. அவங்கப்பா ஜெயப்பிரகாஷ், தங்கமான மனுசன். தட்டு மாத்தக் குனியறேன்... துணி இளகிப்போயி, டமால்! வெத்தல பாக்குத் தட்டுலயே வுழுந்துச்சு. வாழப்பழம் நசுங்கி மாப்ள சட்டையில தெறிச்சிடுச்சு.

ஐயோ, சுடல பாய். சுடாது. அது... அது எப்பிடி சுடும்?

சரி சரி, அளவு அளவுன்னு உசிர வாங்காத. கதவச் சாத்து. யாரும் பாக்கலியே? இந்தா.

...ஆமா, எடைக்கல்லுதான். ஒரு கிலோ. சிரிக்காத பாய்! எலெக்சன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், தெரியாதா உனக்கு? ஓட்டு எண்ணி முடிச்சாத்தான் திருப்பித் தருவாங்க. அதுவரைக்கும் தட்டை இடுப்போட திரிஞ்சா ஊரு இன்னா நெனைக்கும்?

துப்பாக்கி வுழுந்திருந்தாக் கூட பயந்துக்கினு தட்டை மாத்தியிருப்பாங்க. ஜெயப்பிரகாஷு கல்லத் துண்டால தொடச்சி எங்கையில குடுத்து, "யோசிச்சி சொல்றோம்"னாரு. அவ்ளோதான். நேத்துலேர்ந்து எம்பொண்ணு பச்சத் தண்ணி குடிக்கல. சாயங்காலம் மறுபடி போயி பேசறேம்மான்னேன். "போறதா இருந்தா வெறும் இடுப்போட போ. இல்லன்னா எனக்கு அப்பன்னு சொல்லிக்கினு போவாத"ன்னுட்டா. அழுதுக்கினே சொன்னா பாய். நானு... வுழாத உறையா ஒண்ணு கெடைக்குமான்னு இங்க வந்து நிக்கறேன். நானெல்லாம் ஒரு மனுசன்!

இந்தக் கல்ல நீயே எடுத்து உள்ள வச்சிக்க. உறையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வேட்டி நிக்க ஒரு பெல்ட்டு குடு, போதும். எம்பொண்ணு நல்லா இருந்தா சரி.

...ஏம் பாய், இந்த பெல்ட்டு பக்கிளு இன்னா இத்தினிக்கூண்டு இருக்குது? இன்னும் கொஞ்சம் பெருசா... சட்டைக்குள்ள லேசா பொடைச்சிக்கினு தெரியற மாதிரி... பாய்? யோவ், கடையப் போட்டுட்டு எங்க பாய் போற? பாய்!