கழுவிய காஸ்

சாண மணம் எனக்கு ஒருநாளும் அருவருப்பாக இருந்ததில்லை, தம்பி. அக்கராயனில் அரசாங்கம் காணி கொடுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என் அப்பா. வந்த வருசமே மாடு கட்டினார். பண்ணையாளர் சங்கத்துக்கு நான் தலைவியானதும், சாணத்திலிருந்து சமையல் காஸ் எடுக்கும் நிலையத்தை அங்கே கொண்டுவந்ததும் அதனால்தான். சிலிண்டருக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். அதற்கு முன்பு முப்பது வருசம் விஞ்ஞானம் படிப்பித்தேன். விமலேஸ்வரி ரீச்சர் என்றால் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் எழுதும் வாக்குமூலத்தில் பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன்.

சாணக்குழியிலிருந்து வரும் காஸை அப்படியே சிலிண்டரில் அடைக்க முடியாது. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் எரியும். மிச்சம் காபனீரொட்சைட்டு. கூழ்முட்டை மணக்கிற ஐதரசன் சல்பைட்டும் கொஞ்சம் இருக்கும், அது நஞ்சு. காஸை உயரமான கோபுரத்துக்குள் விட்டு மேலிருந்து தண்ணீர் தெளித்தால், தண்ணீர் இரண்டையும் கரைத்துக்கொண்டு இறங்கும். கடைக் காஸுக்குக் குறையாத காஸ் மேலே வரும். கழுவிய தண்ணீர் நிலத்துக்குக் கீழே உள்ள தாங்கிக்குப் போகும். நஞ்சும் அங்கேதான் சேரும்.

இந்த வேலையைச் செய்தவள் சிவலட்சுமி. அவளுடைய ஆட்கள் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு இங்கே ஒரு இளக்காரப் பெயர் உண்டு. அந்தச் சொல்லை நான் வகுப்பில் ஒருநாளும் பாவித்ததில்லை. அவளைப் பயிற்சிக்கு அனுப்பக் கையெழுத்து வைத்ததும் நான்தான். சாணம் கரைப்பாள், வால்வு திறப்பாள் என்று நினைத்தேன். ஒரு வருசத்தில் நிலையத்துக்கே பொறுப்பாளராகிவிட்டாள். கொழும்பிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தால் அவளோடுதான் கதைத்தார்கள். நான் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை ஒளிப்பதில் பயனில்லை.

சித்திரையில் அவள் என் வீட்டுக்குச் சிலிண்டர் கொண்டுவந்தாள். வழக்கமாகக் கிருசாந்தன்தான் வருவான், அவன் எங்கள் சொந்தக்காரன். அன்று இவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குள் போனாள். சிலிண்டரைப் பூட்டி அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினாள். தண்ணீர் கேட்டாள். வெளியாட்களுக்கென்று விறாந்தையில் வைத்திருக்கும் பேணியில் கொடுத்தேன். அவள் போனதும் மஞ்சள் தண்ணீர் கரைத்துக் குசினியைக் கழுவினேன். என் அம்மாவும் அப்படித்தான் செய்வா. இதில் யாருக்கும் நட்டமில்லை.

ஆனால் அவள் ஸ்பானரை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். சத்தம் போட்டிருந்தால் நான் மறந்துகூட இருப்பேன். அவள் சிரித்தாள்.

“குசினியைக் கழுவுறீங்கள், ரீச்சர். காஸைக் கழுவுறது நான்தானே. அதை என்ன செய்யப் போறீங்கள்?”

அன்றிலிருந்து விறகில் சமைத்தேன். என் மகன் லக்ஷன் நிலையத்துக்கு உழவு இயந்திரத்தில் சாணமும் சந்தைக் கழிவும் ஏற்றுகிறவன். ஏன் இந்தப் புகை என்று என்னைக் கேட்டான். நான் அடுப்பை ஊதினேன். பிறகு அவளிடம் கேட்டிருக்கிறான். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், அவவிடம் மன்னிப்புக் கேளுங்கோ அம்மா என்றான். அவளுக்கு ‘அவ’, பெரியவர்களைச் சொல்வதுபோல. நான் பெற்று வளர்த்த பிள்ளையின் வாயில் அந்த மரியாதையைக் கேட்ட அன்று தீர்மானித்தேன்.

தாங்கியின் அடியில் சேறு படியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் இறங்கி அள்ள வேண்டும். அரை மணித்தியாலம் புளோவர் வைத்துக் காற்றடிக்காமல் எவரும் இறங்கக் கூடாது. இறங்குகிறவரின் இடுப்பில் கயிறு கட்டி, மேலே கயிற்றைச் சுற்றித் தூக்கும் கை வின்ச்சில் ஒருவர் நிற்க வேண்டும். இந்த விதியைச் சுவரில் எழுதியவள் அவளேதான். வின்ச்சில் நிற்பவன் கிருசாந்தன். போன செவ்வாய்க்கிழமை அவனுக்கு லீவு கொடுத்துவிட்டு, நான் நிற்கிறேன் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். அவளுக்குச் சந்தோசம். நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு எட்டரைக்கு வந்தாள். புளோவர் சூடாகிவிட்டது, இப்போதுதான் நிறுத்தினேன் என்றேன். நான் அதைப் போடவே இல்லை. அவள் மூடியைத் திறந்து குனிந்தாள். முதலில் கொஞ்சம் மணந்தது, இப்போது இல்லை என்றாள். அந்த நஞ்சு வாயு மிஞ்சினால் மூக்கு மரத்துப்போகும், மணம் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் மூக்கை நம்பாமல் என்னைக் கேட்டாள்.

“அரை மணித்தியாலம் போட்டீங்கள்தானே, ரீச்சர்?”

“ஓம்.”

ஏணியில் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் கயிறு இரண்டு தரம் இழுபட்டது. இரண்டு தரம் என்றால் தூக்கு என்று அர்த்தம். அந்த வின்ச்சை என் வயதிலும் ஒரு கையால் சுற்றலாம். நான் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சுற்றவில்லை. அதற்குப் பிறகு கயிறு அசையவில்லை.

லக்ஷன் மாங்குளம் சந்தைக்குப் போயிருந்தான். பதினொரு மணிக்கு முன் வரமாட்டான் என்பது என் கணக்கு. அன்று மாங்குளத்தில் கடையடைப்பு என்பது எனக்குத் தெரியாது. பாதி வழியில் கேள்விப்பட்டுத் திரும்பியிருக்கிறான். வந்தவன் என்னையும் பார்த்தான், தாங்கிக்குள்ளும் பார்த்தான். வின்ச்சைச் சுற்றினான். அவள் ஏணிக்கு அடியில் சிக்கியிருந்தாள், கயிறு வரவில்லை. இறங்காதே, ஆட்களைக் கூப்பிடுவோம் என்றேன். அதையும் எழுதுங்கள், தம்பி. அவன் ஏணியில் கால் வைத்தபடி கேட்டான்.

“புளோவர் போட்டதோ, அம்மா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். கேட்டுவிட்டு அவன் என்னைப் பார்க்கப்போகும் பார்வையை என்னால் தாங்க முடியாது. ஓம் என்றேன்.

சிவலட்சுமியைக் கொன்றது நான். யோசித்து, நாள் பார்த்துச் செய்தேன். எங்கே என்று காட்டுங்கள், கையெழுத்து வைக்கிறேன். லக்ஷனின் சாவுக்கு மட்டும் என் பெயரைப் போடாதீர்கள். அவன் இறங்கியது அவளுக்காக. என் பிள்ளையைக் கொன்றது அவள். நான் சொன்னபடியே எழுதுங்கள்.