ஊமை ராணியின் படிக்கட்டு

தம்பி: ...இல்லம்மா, கேட்டைத் தாண்டிட்டேன். இப்ப சந்தைக்குள்ள வந்துட்டேன்.

அம்மா: எந்தக் கேட்டு? சீரியல்ல ஊமை ராணி குதிரையில நுழைவாளே, அதா?

தம்பி: அதேதாம்மா. உனக்காக ரெண்டு தடவை உள்ள போயி வெளிய வந்தேன்.

அக்கா: ரொம்ப அளக்காதடா.

தம்பி: யாரு... அக்காவா? நீயும் கேட்டுட்டு இருக்கியா?

அக்கா: ஸ்பீக்கர்ல போட்டா கேக்காதா? நட நட. வாரா வாரம் நீ நடக்கற, இங்க அம்மா கால் வலிக்குதுங்கறா.

தம்பி: என்னக்கா அங்க ஒரே இரைச்சல்?

அக்கா: அது... மாடியில இருக்கோம். காத்து.

அம்மா: அவ கெடக்கா, நீ சொல்லு. சாப்பிட்டியா?

தம்பி: சாப்பிட்டேம்மா.

அம்மா: என்ன சாப்பிட்ட?

தம்பி: ரொட்டி, முட்டை.

அக்கா: போன வாரமும் ரொட்டி முட்டை. அதுக்கு முந்தின வாரமும் ரொட்டி முட்டை. அவ்வளவு பெரிய ஹோட்டல்ல வேலை பாக்கறவன் முட்டையைக் கட்டிட்டு அழறான்.

தம்பி: வாய் மட்டும் குறையவே இல்ல உனக்கு. மாமா எப்படித்தான்...

அம்மா: சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. சந்தையில இன்னிக்கு என்ன?

தம்பி: அதே கூட்டம்தான். சீரியல் பாத்துட்டு வந்த ஜனம். ஆளாளுக்கு கட்டை வாளைத் தூக்கிட்டு போட்டோ எடுத்துட்டு... ஒரு பெரியவர் அட்டை கிரீடம் வித்துட்டிருக்காரு.

அம்மா: நீயும் ஒண்ணு வாங்கிக்கோயேன்.

அக்கா: ஏம்மா, ஏற்கனவே தலைகால் புரியாமத்தான் திரியறான். கிரீடம் வேறயா?

அம்மா: ...யாரோ கத்தறாங்களே பின்னாடி?

தம்பி: அது... கியூம்மா. போட்டோ எடுக்க நிக்கறாங்க. நான் வழியை மறைச்சுட்டேன் போல. சீக்கிரம் முடிக்கணும்.

அம்மா: தள்ளி நில்லு. எதுக்கு வீணா பேச்சு வாங்கிட்டு?

தம்பி: தள்ளிட்டேன். இதோ... இடது பக்கம் திரும்பினேன். படிக்கட்டு வந்துடுச்சு.

அம்மா: வந்துட்டியா?

தம்பி: வந்துட்டேன். மேல நிக்கறேன்.

அம்மா: மேலயா? மேலயேவா நிக்கற?

தம்பி: மேலதாம்மா. ராணி இங்கேருந்துதானே மகனைத் தேடி இறங்குவா?

அம்மா: பாவி... கடைசிவரை வாயே திறக்க மாட்டா. ம்... கடல்?

தம்பி: கீழயேதான். கடைசிப் படியில வந்து அலை அடிக்குது. வெயில் பட்டு பளபளன்னு...

அம்மா: பளபளன்னு...

அக்கா: அம்மா, நிக்காத. இப்படி சுவத்தோரமா உக்காரு. மாமா இவன்கிட்ட ஏதோ கேக்கச் சொன்னாரு, கேட்டுட்டுத் தரேன்.

அம்மா: வச்சிடாதடி. நான் இன்னும் பேசணும்.

அக்கா: வைக்க மாட்டேன். உக்காரு.

தம்பி: மாமாவுக்கு என்னவாம்?

அக்கா: இரு... ஸ்பீக்கரை எடுத்துட்டேன். தள்ளி வந்துட்டேன். மாமாவுக்கு ஒண்ணும் வேணாம். எனக்குத்தான். கேட்லேர்ந்து படிக்கட்டு எவ்வளவு தூரம்?

தம்பி: பக்கம்தான். பேசிட்டே நடந்தா வந்துடும்.

அக்கா: நடந்தா.

தம்பி: ஆமா. ஏன்?

அக்கா: அந்தக் கேட் வேற நாட்டுல இருக்குடா.

தம்பி: வேற நாடா?

அக்கா: கேட்டை ஒரு நாட்டுல எடுத்திருக்காங்க. சந்தை செட்டு. இந்த ஊர்ல எடுத்தது படிக்கட்டு மட்டும்தான். எல்லாத்தையும் ஒட்ட வச்சு ஒரே தெரு மாதிரி காட்டறாங்க.

தம்பி: யாரு... யாரு சொன்னா? நெட்ல கண்டதையும் போடுவாங்கக்கா.

அக்கா: இங்க இருக்கற கைடு பொண்ணு சொன்னா. கேட் எந்தப் பக்கம்னு காலையில கேட்டேன். சிரிச்சுட்டா. வர்றவங்க எல்லாரும் இதைத்தான் கேப்பாங்களாம்.

தம்பி: இங்கன்னா... எங்க?

அக்கா: படிக்கட்டுல.

தம்பி: எந்த...

அக்கா: நீ மேல நிக்கறேன்னு சொன்னியே, அதுல. நானும் மேலதான் நிக்கறேன். கீழ கடல் இல்லடா. கார் நிறுத்தற இடம். ரெண்டு பஸ்ஸு, ஒரு குப்பைத் தொட்டி. கடலைக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சாங்களாம்.

தம்பி: விளையாடாதக்கா.

அக்கா: இரு, போனை வெளிய நீட்டறேன்... கேட்டியா? மாடிக் காத்தா இது? ஆளையே தள்ளுது.

தம்பி: அம்மாவுமா? அம்மாவும் அங்கயா?

அக்கா: பின்ன? சொல்லாம நிப்போம், அவன் பேசிட்டே நடந்து வந்து நம்ம மேல முட்டிக்கட்டும்னு அவதான் சொன்னா. நேத்துலேர்ந்து அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சுட்டிருந்தா. நீ மேல நிக்கறேன்னதும் எழுந்துட்டா. காலடிச் சத்தம் கேக்கற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பறா.

தம்பி: ஐயோ...

அக்கா: நீ சொன்ன ஹோட்டலை நேத்தே தேடினேன், காணோம். இந்தத் தெருவுல ஒரு ஹோட்டல் விடாம ஏறி இறங்கினேன். உன் போட்டோவைக் காட்டினேன். ஒருத்தருக்கும் தெரியல. அம்மாகிட்ட சொல்லல. எப்படியாவது நீ வந்து நின்னுடுவேன்னு... எங்கடா இருக்க?

தம்பி: ஏன்க்கா சொல்லாம வந்தீங்க?

அக்கா: சொன்னா விட்டிருப்பியா? மாமா ஆபீஸ் வேலையா இந்தப் பக்கம் வரேன்னதுக்கே லீவு இல்ல, காய்ச்சல்னு ஆயிரம் கதை விட்ட. வேலை நேரத்துல போனை வாங்கி வச்சிடறாங்கன்ன. சரின்னு நம்பினோம். சீரியல் எடுத்த இடமெல்லாம் சுத்திக் காட்டற டூர்ல ஒட்டிக்கிட்டு வந்து சேந்தோம்.

தம்பி: அப்படி என்ன அவசரம்? நானே வந்திருப்பேன்ல...

அக்கா: அம்மாவுக்குக் கண்ணு போயிட்டிருக்குடா.

தம்பி: என்ன?

அக்கா: கண்ணு நரம்பு காஞ்சுட்டே வருதாம். போனது திரும்பாதுன்னு டாக்டர் கைய விரிச்சுட்டாரு. இப்ப மங்கலாத்தான் தெரியுது. அதுவும் போறதுக்குள்ள உன் முகத்தை ஒரு தடவை பாக்கணும், நீ இருக்கற தெருவைப் பாக்கணும்னா. வேற ஒண்ணும் கேக்கல.

தம்பி: எனக்கு ஏன் யாரும் சொல்லல?

அக்கா: நீ எல்லாத்தையும் சொல்லிட்டியாக்கும்? டேய் வாலு. ஏதாவது தப்புத்தண்டா பண்ணிட்டியா?

தம்பி: ஒரு தப்பும் பண்ணலக்கா. சத்தியமா. ...இரு, இதோ முடிச்சிடறேன், முடிச்சிடறேன். உன்னை இல்லக்கா. பின்னாடி நிக்கறவனை.

அக்கா: என்ன கியூ அது?

தம்பி: போன் கியூ. வராண்டாவுக்கு ஒரு போன்தான். எங்க வரிசை ரூமுக்கு ஞாயித்துக்கிழமை முறை.

அக்கா: எந்த வராண்டா?

தம்பி: முகாம்க்கா. பூட்டி வைக்கற முகாம்.

அக்கா: ஜெயிலா?

தம்பி: ஜெயில்னா எப்ப விடுவாங்கன்னு சொல்லிடுவாங்களே.

அக்கா: கடவுளே... எப்பலேர்ந்து?

தம்பி: வந்ததுலேர்ந்து. ஏர்போர்ட்ல எங்க வேலைன்னு கேட்டாங்க. ஏஜென்ட் சொன்ன ஹோட்டல் பேரைச் சொன்னேன், படிக்கட்டுப் பக்கத்துலன்னேன். அப்படி ஒரு ஹோட்டலே அங்க இல்லன்னாங்க. அப்படியே வேன்ல ஏத்திட்டாங்க. வேன்ல ஜன்னல் கிடையாது. இந்த நாட்டுல ஒரு தெருவைக்கூட நான் பாத்ததில்லக்கா.

அக்கா: அப்ப கேட்டு, சந்தை, கடல்...

தம்பி: ஹால்ல ஒரு டிவி இருக்கு. ரிமோட் காவல்காரங்ககிட்ட. அந்தச் சீரியலையே திருப்பித் திருப்பிப் போடுவாங்க. இந்த நாட்டு பாஷை, பேசறது ஒண்ணும் புரியாது. ஊமை ராணி மட்டும்தான் எனக்குப் புரியும்... அவ போற வழியைப் பாத்துப் பாத்து மனப்பாடம் ஆயிடுச்சு. அவ நடக்கற மாதிரியே அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன்.

அக்கா: கிரீடம் விக்கற பெரியவர்?

தம்பி: அவரு நானா சேத்துக்கிட்டது.

அக்கா: அடப்பாவி... எங்க இருக்கு அந்த முகாம்? நாங்க வரோம்.

தம்பி: ஏர்போர்ட்லேர்ந்து வடக்கன்னு சொல்றாங்க, எனக்கே சரியாத் தெரியாது. வராத. எழுதிக் கேட்டு வாரக்கணக்குல காத்துக் கிடக்கணும். அதுக்குள்ள உங்க டூர் முடிஞ்சுடும். அப்படியே விட்டாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்கார வச்சுத்தான் காட்டுவாங்க. அம்மா கண்ணுல கடைசியா அது நிக்கணுமா?

அக்கா: அப்ப நான் என்னன்னு சொல்ல அவகிட்ட? வந்ததுலேர்ந்து என் கையை விடல. எங்க போனாலும் அழகா இருக்கு, அழகா இருக்குங்கறா. அவன் ரூம் ஜன்னல் எதுடீன்னு கேட்டுட்டே இருக்கா.

தம்பி: ஏதாவது ஒரு ஜன்னலைக் காட்டிடு.

அக்கா: டேய்...

தம்பி: நல்லதா ஒண்ணு பாத்துக் காட்டு. செடி கிடி வச்சது. திடீர்னு என்னை வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க, விளையாட்டுக்குத்தான் அங்க நிக்கற மாதிரி சொன்னேன்னு சொல்லிடு.

அக்கா: பெத்தவகிட்ட அதை என் வாயால...

தம்பி: உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்க்கா.

அக்கா: ...அம்மா கையை நீட்டறா. போன் வேணுமாம்.

தம்பி: கொடு. சிரிச்ச மாதிரியே பேசறேன். நீ அழாத, தெரிஞ்சுடும்.

அக்கா: இந்தாம்மா. பிடிச்சுக்கோ.

அம்மா: நீ போயி குடிக்கத் தண்ணி வாங்கிட்டு வாடி.

அக்கா: பையிலயே இருக்கேம்மா?

அம்மா: அது சுடுது. கீழ போயி வாங்கிட்டு வா, போ.

தம்பி: அம்மா... நல்லா என்னை ஏமாத்திட்டீங்க! நானும்மா... இன்னிக்குப் பாத்து ஹோட்டல்ல வேற ஊருக்கு...

அம்மா: இரு. இறங்கட்டும். ...ம், செருப்புச் சத்தம் போயிடுச்சு.

தம்பி: என்னம்மா?

அம்மா: இங்க காத்து காதை அடைக்குதுடா. இத்தனை வாரமா என்னைக் கூட்டிட்டு நடந்தியே, உன் போன்ல ஒரு நாளும் துளி காத்து கேட்டதில்ல. சுவத்துல மோதித் திரும்பற சத்தம்தான்.

தம்பி: அம்மா, அது வந்து...

அம்மா: எங்க இருக்கன்னு நான் கேக்கல. அவகிட்ட சொல்லியிருப்ப. அவ என்கிட்ட ஏதாவது ஒரு ஜன்னலைக் காட்டுவா. நானும் பாத்துட்டேன்னு சொல்லிடறேன்.

தம்பி: பாத்துட்டேன்னு சொல்றதுன்னா... ஏம்மா, மங்கலாவாவது தெரியும்ல?

அம்மா: எனக்கு ஒண்ணும் தெரியலப்பா. விமானம் ஏறறதுக்கு முன்னாடியே எல்லாம் அணைஞ்சு போச்சு. சொன்னா உங்கக்கா பயணத்தை நிறுத்திடுவா, சொல்லல. நீயும் சொல்லிடாத. ...ஏறி வரா, அவ செருப்புதான். சீக்கிரம் சொல்லு, இங்கேருந்து நீ எந்தப் பக்கம்? அந்தப் பக்கம் திரும்பி நிக்கறேன்.