வெள்ளை காட்டுங்க

– ஏய் லைட்டு, அந்தத் திருகாணியைக் கழட்டாதேப்பா. பல்பு புதுசு. போன மாசம் நீயே மாட்டினதுதான்.

– அதனாலதான் சார் பாக்குறேன். நான் மாட்டினது சரியா எரியலன்னா மானம் போறது எனக்குத்தானே. இந்தா, ஜம்முனு எரியுது. எழுபது மணி நேரம்தான் ஓடியிருக்கு. ஐநூறு வரைக்கும் தாங்கும்.

– காலையில இருந்து நானும் அதைத்தான் சொல்றேன். விளக்குப் பெட்டியில ஒரு குறையும் இல்ல. சிஸ்டர்தான் என்னைக் கேக்காம உனக்கு ஃபோன் போட்டுட்டாங்க.

– நான் ஏன் கேக்காமப் போடப் போறேன் டாக்டர்? டிவியில படம் மங்கலா வருதுன்னு முந்தாநாள் ஆபரேஷன்ல சத்தம் போட்டீங்க. தனியா நின்னு எத்தனை நாள் திட்டு வாங்குறது? துணைக்கு நம்ம லைட்டு மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டேன்.

– நான் திட்டினது பெட்டியை இல்ல சிஸ்டர்.

– சார், சின்னத் துளை வழியா வயித்துக்குள்ள கேமரா மாட்டின ஸ்கோப் போகுது. இந்தப் பெட்டியோட வெளிச்சமும் அது வழியாத்தான் போகுது. அதுல எது மங்கலாத் தெரியுது?

– எல்லாம்தான். மூணு மாசமா பித்தப்பைக்குப் பின்னாடி இருக்குற குழாய் மேகம் மூடின மாதிரி தெரியுது. முதல்ல பல்புன்னு நினைச்சேன், நீ மாத்தினே. அப்புறம் டிவின்னு நினைச்சேன்.

– நான் தினம் துடைச்சேன் அண்ணே. முகம் பாத்துத் தலை சீவலாம், அவ்வளவு சுத்தம்.

– அப்புறம் என் மூக்குக் கண்ணாடியை மாத்தினேன். ரெண்டு தடவை.

– மூணு. ஒண்ணு மேல நீங்களே உக்காந்துட்டீங்க, அதை விட்டுட்டீங்க.

– சின்ன டாக்டர்கிட்டக் கேட்டேன், உனக்கு எப்படித் தெரியுதுன்னு. ரொம்பத் தெளிவா இருக்கு சார்னு சொன்னான். அப்புறம் என்ன பாக்கி? முப்பது வருஷம் உழைச்ச கண்ணு, போதும்னு சொல்லுது.

– நீங்க பட்டப்பகலை ராத்திரின்னு சொன்னா, ஆமா சார், நட்சத்திரம் எண்ணட்டுமான்னு கேக்குற பிள்ளை அது. எனக்கும் மங்கலாத்தான் இருக்குன்னு நான் சொன்னேனே டாக்டர்.

– நீங்க எனக்கு ஆறுதல் சொன்னீங்க.

– நான் ஏன் ஆறுதல் சொல்லப் போறேன்? இருபது வருஷத்துல ஒரு தடவையாவது சொல்லியிருக்கேனா?

– இல்ல. அதனாலதான் எனக்கு பயமே வந்துச்சு.

– கண் டாக்டரைப் பாத்தீங்களா சார்?

– அடுத்த வாரம் பாக்கணும்.

– போன மாசமும் அடுத்த வாரம்தான் அண்ணே. இதே மாடியில நாலாவது அறைதான் அவங்க. அந்தக் கதவைத் தாண்டக் கூடாதுன்னு, டீ குடிக்கறதுக்கு ஒரு மாடி இறங்கி இன்னொரு படி வழியா ஏறிப் போறாரு. ஊர் வயித்துல எல்லாம் பயப்படாதேன்னு சொல்லித் துளை போடுறவரு.

– துளை போடுறவனுக்குத்தான் தெரியும் சிஸ்டர், எதுக்கு பயப்படணும்னு. அது கிடக்கட்டும். திங்கக்கிழமை உங்ககிட்டக் கொடுத்த கடிதம் என்னாச்சு? இயக்குநர் ஆபீஸ்ல இருந்து ஒரு பதிலும் காணோம்.

– அது சேர வேண்டிய இடத்துல சேரும் டாக்டர்.

– என்ன கடிதம் சார்?

– இனிமே ஆபரேஷன் பண்ணலன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். நாளைக்குக் காலையில ஒரு பஸ் டிரைவருக்குப் பித்தப்பை எடுக்கணும். அதைச் சின்ன டாக்டர் பண்ணட்டும், நான் பக்கத்துல நிக்குறேன். அதோட முடிஞ்சுது. எனக்கும் மனசு கேக்கலதான். ஆனா குழாயைப் பாக்காம வெட்டிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது.

– அந்த டிரைவர் நீங்க பண்றதாத்தான் ஒத்துக்கிட்டு வந்தாரு. இன்னைக்குக் காலையில கூட, பெரிய டாக்டர்தானேம்மான்னு கேட்டாரு.

– நீங்க என்ன சொன்னீங்க?

– ஆமான்னேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதீங்க.

– சரி சார், பெட்டி பாத்தாச்சு. அடுத்து, பெட்டியில இருந்து ஸ்கோப்புக்கு வெளிச்சம் கொண்டு போற கேபிளைக் கொடுங்க சிஸ்டர்.

– கேபிள்ல பாக்க என்னய்யா இருக்கு? தண்ணிக் குழாய் மாதிரி. இங்க ஏறுற வெளிச்சம் அங்க இறங்குது.

– குழாய்தான் சார், உள்ள காலியா இல்லையே. ஆயிரக்கணக்குல கண்ணாடி இழை. தலைமுடியை விட மெல்லிசு. போன மாசம் நான் வந்தப்ப இது கழுவப் போயிருந்துச்சு, பாக்காமலே போயிட்டேன். அது என் தப்பு. எங்க வச்சிருக்கீங்க?

– அந்தச் சின்ன டப்பாவுல. கொஞ்சம் அழுத்தி மூடியிருப்பேன், பாத்துத் திற. நானே சுத்தி நானே வைக்கிறது.

– நீங்களா சார்?

– வேற யாரையும் தொட விடமாட்டாரு அண்ணே. கழுவித் துடைச்சு வந்ததும் உள்ளங்கையில இறுக்கி இறுக்கிச் சுத்தி, ரப்பர் பேண்டு போட்டு, டப்பாவுல திணிச்சாத்தான் அவருக்கு சாப்பாடு இறங்கும்.

– போன வருஷம் புதுசா வந்த நர்ஸ் ஒருத்தி கீழ போட்டா. அன்னையில இருந்து நான்தான். ஏன் லைட்டு, முகம் ஒரு மாதிரி போகுது?

– ஒண்ணும் இல்ல சார். இந்த முனையை ஜன்னல் பக்கம் காட்டுறேன். அந்த முனையை நீங்க பாருங்க. பெட்டியில மாட்டினப்புறம் மட்டும் இப்படிப் பாத்துடாதீங்க, கண்ணு போயிடும்.

– போன கண்ணு மறுபடி எங்க போகும்? கொடு இங்க.

– என்ன தெரியுது?

– சின்ன வட்டம். வெளிச்சமா இருக்கு. உள்ள கறுப்புக் கறுப்பாப் புள்ளி.

– ஒவ்வொரு புள்ளியும் உடைஞ்சு போன இழை சார். எண்ணுங்க பாப்போம்.

– இருபத்தெட்டு, இருபத்தொன்பது... இந்த ஓரத்துல மட்டும் முப்பத்து நாலு. அந்தப் பக்கம் எண்ணவே முடியாது, பாதி வட்டம் இருட்டு.

– முடியை விட மெல்லிசா இருக்குறதை முப்பத்து நாலுன்னு எண்ணிச் சொல்றீங்க. இந்தக் கண்ணையா சார் கெட்டுப் போச்சுன்னு எழுதிக் கொடுத்தீங்க?

– இரு. இன்னொரு தடவை எண்ணுறேன்.

– நிதானமா எண்ணுங்க. அதுக்குள்ள சிஸ்டர் கண்ணைத் துடைச்சுக்கட்டும்.

– நான் ஏன் துடைக்கப் போறேன் அண்ணே? முகக்கவசம் ஈரமா இருக்கு, வேற ஒண்ணும் இல்ல.

– முப்பத்து நாலுதான். அப்ப அந்த மேகம்?

– பாதி இழை போனா பாதி வெளிச்சம்தான் சார் உள்ள போகும். பத்தலன்னா கேமரா தானாவே படத்தோட வெளிச்சத்தைக் கூட்டிக்கும். கூட்டக் கூட்ட, மணல் தூவின மாதிரி படம் வரும். உங்க மேகம் அந்த மணல்தான்.

– இழையை உடைச்சது யாரு? கழுவுற இடத்துலயா? ஆளைச் சொல்லு, இன்னைக்கே கேட்டுடறேன்.

– வேணாம் சார், விடுங்க.

– சொல்லுங்கறேன்ல.

– கண்ணாடியை உள்ளங்கை அகலத்துக்கு மடக்கி ரப்பர் பேண்டு போட்டா என்ன சார் ஆகும்? சாப்பாட்டுத் தட்டு அளவுக்காவது வளையம் பெருசா விடணும். ஒரு வருஷமா தினம் நாலு, அஞ்சுன்னு உடைஞ்சிருக்கு.

– நானா?

– கண்ணுல குறை இல்ல சார். கைக்குத்தான் கொஞ்சம் அக்கறை கூடிப் போச்சு.

– சிரிக்காதீங்க சிஸ்டர்.

– நான் ஏன் சிரிக்கப் போறேன் டாக்டர்? கீழ போட்ட அந்தப் பொண்ணுக்கு, பொருளை எப்படிப் பாத்துக்கணும்னு அரை மணி நேரம் பாடம் நடத்துனீங்க. அது ஞாபகம் வந்துச்சு.

– நாளைக்கு அவளைக் கூப்பிடுங்க. நான் மன்னிப்புக் கேக்கணும். கண் டாக்டர் அறைக்கும் நேர் வழியாவே போயிட்டு வரேன். ஐயோ சிஸ்டர், அந்தக் கடிதம். அந்த இயக்குநர் தன் மருமகனுக்காக என் நாற்காலியில ரெண்டு வருஷமா துண்டு போட்டு வச்சிருக்காரு. பாத்த கையோட கையெழுத்துப் போட்டிருப்பாரே. இருங்க, நான் மேல ஓடிப் போய்...

– முதல்ல படத்தைப் பாருங்க டாக்டர். ஓடுறது அப்புறம் ஓடலாம்.

– என் பையில புது கேபிள் இருந்துச்சு, மாட்டிட்டேன். இது பழகுறதுக்கு வச்சிருக்குற பழைய ஸ்கோப்தானே சிஸ்டர்?

– ஆமா அண்ணே, நோயாளிக்கு எடுக்கறது இல்ல.

– அப்ப இதுக்கு வெள்ளை காட்டுங்க. எது வெள்ளைன்னு கேமராவுக்குச் சொல்லிக் கொடுத்தாத்தான் மத்த நிறத்தை ஒழுங்காக் காட்டும். சுத்தமான துணி ஏதாவது?

– துணியெல்லாம் கிருமி நீக்கிக் கட்டி வச்சாச்சு, பிரிச்சா வீணாப் போகும். இந்தக் காகிதம் ஆகுமா? என் பையில இருந்துச்சு.

– மடிப்பு விழுந்திருக்கு. பரவாயில்ல, பின்பக்கம் நல்ல வெள்ளை. அசையாமப் பிடிங்க. ஆச்சு. சார், டிவியைப் பாருங்க.

– அடேயப்பா. காகிதத்துல இருக்குற நார் கூடத் தெரியுது. லைட்டு, உன்னைக் கட்டிப் பிடிக்கணும் போல இருக்கு.

– பிடிங்க சார், யாரு வேணாம்னா? அதுக்கு முன்னாடி இன்னும் ஒரு சோதனை. எழுதியிருக்குற பக்கம் திருப்புங்க சிஸ்டர். சார், கண்ணாடியைக் கழட்டிட்டு டிவியைப் பாத்துப் படிங்க.

– கண்ணாடி இல்லாமலா?

– மூணு வாங்கினீங்களே, ஒண்ணாவது வேணுமான்னு பாப்போம்.

– ம். மை இன்னும் பளபளன்னு இருக்கு. ‘மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, என் பார்வை முன்போல்...’ சிஸ்டர்.

– சொல்லுங்க டாக்டர்.

– இதை நீங்க மேல கொடுக்கலையா?

– நான் ஏன் கொடுக்கப் போறேன் டாக்டர்? நல்ல வெள்ளைக் காகிதம்.