கூடுதலாக ஒரு குச்சி

மூக்கில் குச்சி விட்டால் எனக்குத் தும்மல் வராது. கண்ணில் தண்ணீர்கூட வராது. என் மனைவிக்கு அப்படி இல்லை. குச்சியைப் பார்த்தாலே அவளுக்கு மூக்கு சுருங்கிவிடும். அதனால்தான் துறைமுகத்தில் கப்பல் ஏறுவதற்கு முன் பரிசோதனைக்குப் போனபோது, இவளுக்கு நானே எடுத்துவிடுகிறேன் என்று நர்ஸிடம் சொன்னேன். அது பொய் இல்லை. நான்தான் எடுத்தேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அப்படியென்றால் என் வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் லிஃப்ட் பரிசோதகன். உயரமான கட்டடங்களில் லிஃப்டின் கயிறு, பிரேக், கதவு எல்லாம் பார்த்து, பாதுகாப்பானது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என் வேலை. உள்ளே நுழைந்ததும் முதலில் அவசரத் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்போம். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் திறந்துவிடவும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். மாட்டிக்கொண்ட மனிதர்களை என் அளவுக்குப் பார்த்தவர்கள் குறைவு. முதலில் கத்துவார்கள். எல்லாப் பொத்தானையும் அமுக்குவார்கள். கட்டடக்காரரைத் திட்டுவார்கள், பிறகு ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். அதெல்லாம் கொஞ்ச நேரம்தான். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார், இன்னொருவர் வாங்கிக் குடிப்பார். போக வழியில்லை என்று தெரிந்த பிறகு மனிதர்கள் மென்மையாகிவிடுகிறார்கள்.

ஒருமுறை ஒரு கணவனும் மனைவியும். மேல் மாடியில் இருந்த வக்கீலிடம் விவாகரத்துக்காகப் போய்க்கொண்டிருந்தவர்கள். நான் கதவைத் திறந்தபோது அந்தப் பெண் அவன் தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் பிறகு வக்கீலிடம் போனார்களா என்று நான் பார்க்கவில்லை. லிஃப்ட் சரியாகிவிட்டது, கிளம்பிவிட்டேன்.

என் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். நாள் முழுக்க அந்நியர்களின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். என்னை இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவாள். பாதி கேலி, பாதி செல்லம். கேலியும் செல்லமும் எப்போது பிரிந்தன என்று எனக்குத் தெரியாது.

"இன்ஜினியர், உன்கூட வீட்ல இருக்கறது லிஃப்ட்ல நிக்கற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். "ரெண்டு பேரும் பேசாம கதவையே பார்த்துட்டு நிக்கறோம். எப்ப திறக்கும்னு."

நான் சிரித்தேன். நன்றாகத்தான் சொன்னாள்.

அவள் அக்கா தன் ஊரில் ஒரு கண் மருத்துவமனையில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருந்தாள். கப்பல் பயணம் நான் முன்பே ஏற்பாடு செய்தது. அதற்கு மட்டும் வருகிறேன் என்றாள். "போயிட்டு வந்து நான் அக்கா வீட்டுக்குப் போறேன். அதுவரைக்கும் சண்டை போடாம இருப்போம்." இரண்டு பெட்டி கட்டினாள். சின்னது கப்பலுக்கு. பெரியது அக்கா வீட்டுக்கு. பெரியதைக் கூடத்தில், வாசலைப் பார்த்த மாதிரி நிறுத்தி வைத்திருந்தாள். சமையலறைக்குப் போகும்போதெல்லாம் நான் அதைச் சுற்றிக்கொண்டு போனேன்.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கப்பலில் வாசல் கிடையாது. சுற்றிலும் தண்ணீர். கத்தலாம், பொத்தானை அமுக்கலாம், என்னைத் திட்டலாம். அப்புறம் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். தப்பான எண்ணம் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

கப்பல் நிறுவனத்தின் விதி உங்களுக்குத் தெரியும். ஏறும் நாளில் துறைமுகத்தில் பரிசோதனை. ஓர் அறைக்குப் போகிறவர்களில் ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் அந்த அறையே ரத்து. இருவரும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தியாக அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் படித்தேன்.

கிளம்பும் நாள் காலையில் அவளுக்குக் காய்ச்சல். படுக்கையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உடம்பு கொதிக்குது. டெஸ்ட்ல மாட்டிக்குவேன் பாரு."

"வெறும் சளி. கடையில ஏசிக்கு நேரா உட்காராதேன்னா கேக்கறியா."

"எதுவா இருந்தா என்ன. மாட்டிக்கிட்டா நேரா அக்கா ஊருக்கு வண்டி ஏறிடுவேன். பெட்டி ரெடியா நிக்குது." சிரித்துக்கொண்டே சொன்னாள். காய்ச்சலிலும் அவள் முகம் லேசாகிவிட்டிருந்தது. பல மாதமாக அவளை அப்படி நான் பார்க்கவில்லை.

காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டாள். துறைமுக வாசலில் சூடு பார்க்கும் கேமராவைத் தாண்டும்போது அவள் நெற்றி என் நெற்றி மாதிரியே இருந்தது.

பரிசோதனை நடந்த கூடத்தில் வரிசையாகத் திரைச்சீலை போட்ட தடுப்புகள். கூட்டம் அதிகம் என்பதால் ஓர் அறைக்காரர்களை ஒரே தடுப்புக்குள் விட்டார்கள். அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டும். நர்ஸ் நடையில் போய்வந்தபடி எட்டிப் பார்ப்பார். எங்களிடம் ஒரு பை கொடுத்தார். பெயர் ஒட்டிய இரண்டு குழாய்கள், மூன்று குச்சிகள்.

"ஒண்ணு எக்ஸ்ட்ரா சார். கீழ கீழ போட்டுடறாங்க, அதுக்குத்தான்" என்றார். "மூக்குக்குள்ள லேசா சுத்தினாப் போதும். மூளை வரைக்கும் போக வேண்டாம்."

"அவர்கிட்ட தேடினாலும் கிடைக்காதுங்க" என்றாள் என் மனைவி.

நர்ஸ் சிரித்துக்கொண்டே அடுத்த தடுப்புக்குப் போனார்.

முதலில் எனக்கு எடுத்தேன். வலது மூக்கு. குழாயில் விட்டுச் சுற்றி மூடினேன். பிறகு அவளுக்கு. பொறுத்துக்கொள்ள முடியாமல் என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எடுத்ததும் தும்மல். இரண்டு, மூன்று, அப்புறம் எண்ணவில்லை. கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அவளுடைய குச்சியை மஞ்சள் தொட்டியில் போட்டேன். கூடுதலாக இருந்ததைப் பிரித்தேன். என் இடது மூக்கு. அவள் பெயர் ஒட்டிய குழாயில் விட்டுச் சுற்றி மூடினேன்.

அவ்வளவுதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

முடிவு அவரவர் கைப்பேசிக்கு வந்தது. பச்சை நிறத்தில் ஒரு குறி. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல."

"எனக்கு என்னவோ இருக்குன்னு நினைச்சேன்" என்றாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டாள். "பாஸ் ஆயிட்டேன்கா... ஆமா, போறேன். வந்ததும் நேரா அங்கதான். பெரிய பெட்டிய ஞாபகமா எடுத்துட்டு வர்றேன், போதுமா?"

எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இல்லாத அறையைக் கேட்டு வாங்கியவன் நான்தான். முதல் நாள் சாயங்காலம் மேல் தளத்துக்கு வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடா இது, தண்ணியத் தவிர ஒண்ணுமே இல்ல. இறங்கணும்னா என்ன பண்றது?"

"இறங்க முடியாது."

"நல்லாத்தான் கொண்டு வந்து விட்டே" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அதன்பிறகு அவள் மேலே வரவில்லை.

அவளுடைய உடம்பு கெட்டுப்போனது ஒரே நாளில் இல்லை. முதலில் உடம்பு வலி. பிறகு வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. பிறகு படுக்கையிலிருந்து குளியலறை வரை போய் வந்தாலே ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கினாள். இருந்தும் அவள் பயப்படவில்லை. "டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னுதானே வந்துச்சு" என்பாள். தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. அடுத்தவர் கண்ணைச் சோதித்தே பழகியவளுக்கு, சோதனையில் வந்தது தப்பாக இருக்கும் என்று நினைக்கத் தெரியாது. தன் உடம்பைத்தான் நம்பாமல் போனாள்.

அறையைச் சுத்தம் செய்ய வருபவர் கதவுக்கு வெளியே நின்று கேட்பார். துண்டை அன்னம் மாதிரி, யானை மாதிரி மடித்து வைப்பாரே, அவர்தான்.

"அம்மாவுக்கு இன்னும் சரியாகலையா சார்? டாக்டருக்குச் சொல்லட்டுமா?"

"கடல் ஒத்துக்கல. வாந்தி. அவ்வளவுதான்."

"எனக்கும் வேலைக்குச் சேர்ந்த புதுசுல குடலே வாய்க்கு வந்துடும் சார். பழகிடும்" என்று சொல்லி, அன்னத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இப்போது பிழைத்துவிட்டார் என்று சொன்னீர்கள். நல்லது. அவர் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். சாப்பாட்டு அறையில் எங்கள் மேசையில் உட்கார்ந்த வயதான தம்பதியில் கணவர் பிழைக்கவில்லை என்றும் சொன்னீர்கள். எனக்கும் அப்போது லேசாக இருமல் இருந்தது. அவர் எனக்கு உப்பை நகர்த்திக் கொடுப்பார்.

டாக்டரை அவளும் கேட்டாள். ஒருமுறை இல்லை. கூப்பிட்டால் கீழ்த் தளத்தில் தனி அறையில் போடுவார்கள், கணவனைக்கூட உள்ளே விடமாட்டார்கள். அந்த விதியையும் படித்திருந்தேன். காலையில் பார்க்கலாம் என்றேன். காலையில் கேட்டால் சாயங்காலம் என்றேன். அவள் கைப்பேசி அலமாரிப் பெட்டகத்தில் இருந்தது. கடலில் எப்படியும் சிக்னல் கிடைக்காது என்று சொல்லி நான்தான் உள்ளே வைத்துப் பூட்டினேன்.

அது சாதாரணச் சளி என்று நீங்கள் உண்மையாகவே நம்பியிருக்கலாம் இல்லையா என்று கேட்டீர்கள். உங்கள் குரலில் எனக்கு ஒரு வழி காட்டுகிற தொனி இருந்தது. நன்றி. ஆனால் அப்படி இல்லை. கிளம்புவதற்கு முன்பே வீட்டிலும் ஒருமுறை சோதித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை வீட்டிலேயே அவளுக்கு எடுத்தேன். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். இரண்டு கோடு. இரண்டாவது கோடு முதலாவதைவிட அழுத்தமாக விழுந்திருந்தது.

"என்னாச்சு?" என்று வெளியிலிருந்து கேட்டாள்.

"ஒரு கோடுதான்" என்றேன். பட்டையைப் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதன்பிறகுதான் மாத்திரை கொடுத்தேன்.

நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை. இதை வழக்குக்காகச் சொல்லவில்லை. கொல்ல நினைக்கிறவன் அதற்காகக் கப்பல்வரை கூட்டிக்கொண்டு போக மாட்டான். எனக்கு வேண்டியிருந்தது கொஞ்ச காலம். அது கிடைத்தது. அந்த அறைக்குள் எங்களுக்கு ஒரு சண்டைகூட இல்லை. சின்ன வயதில் அக்காவின் கண்ணாடியைத் திருடிப் போட்டுக்கொண்டு படியில் உருண்டதை மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை நாளில் எனக்கு அது தெரியாது. தண்ணீர் பாட்டிலை நான் நீட்டினால் வாங்கிக் குடித்தாள். பிறகு வாங்க முடியவில்லை, நானே பிடித்துக்கொண்டேன். என் தோளில் தலை வைத்துத் தூங்கினாள். நான் எதிர்பார்த்தபடியேதான் எல்லாம் நடந்தது.

கடைசியாகத் தொலைபேசி. அதைத்தானே முதலிலிருந்து சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. வரவேற்பு, மருத்துவர், எல்லாவற்றுக்கும் அதில் ஒரு பொத்தான். அதன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கியவன் நான். மணி அடித்து அவள் தூக்கம் கெடக்கூடாது என்று பிடுங்கினேன். யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை என்பது உண்மைதான்.

அன்று மத்தியானம் அவளுக்கு சூப் வாங்க மேலே போனேன். வரிசை நீளமாக இருந்தது. பின்னால் நின்றவர்களுக்கு வழி விட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவள் கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தாள். ரிசீவர் கையில் இருந்தது. விரல்களைப் பிரிக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. வேலைப் பழக்கத்தில் அதை வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தம் இல்லை.

அவள் யாரைக் கூப்பிட முயன்றிருப்பாள் என்று கேட்டீர்கள். டாக்டரை என்று எழுதிக்கொண்டீர்கள், இங்கிருந்தே தெரிகிறது. அவள் அக்கா, தன்னைத்தான் என்று சொல்கிறாளாம். இரண்டு பேருக்கும் அவளைப் பற்றி என் அளவுக்குத் தெரியாது. எழுந்து பார்த்திருக்கிறாள், அறையில் நான் இல்லை. என்னைத்தான் தேடியிருப்பாள்.