சேது காரின் பின்பெட்டி மிசின்

பாலகிருஷ்ணன்: அந்தப் பின்பெட்டிய தொறக்கச் சொல்லுங்க மண்டோரே! தொறந்தா எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துடும்!

சேது: தொறந்தா மிசின் கெட்டுடும் லா. இப்பத்தான் ரேஸுல மொதலா ஓடி வந்திருக்கு, சூடா இருக்கும்.

உடையப்பன்: கத்தாதீங்கடா ரெண்டு பேரும். காலையிலேருந்து எனக்குக் கழுத்து திரும்பல. இதுல ஒங்க சண்டை வேற...

சேது: என்னாச்சு மாமா கழுத்துக்கு?

உடையப்பன்: மாமாவா? கப்பு இன்னும் என் கையிலதான் இருக்கு. இன்னிக்கு நான் ரேஸுக்கு நடுவரு. மண்டோர்னு கூப்புடு.

சேது: சரிங்க மண்டோரே. கப்பு வந்ததும் மாமான்னு கூப்புடுறேன்.

பாலகிருஷ்ணன்: எப்படி வரும்? லயத்து சனமே கூடி நிக்கிறப்போ நீங்கதானே சொன்னீங்க... எஸ்டேட்ட மூணு சுத்து, எவன் ஜெயிக்கிறானோ அவனுக்குத்தான் எம்பொண்ணு லீலாவதின்னு!

உடையப்பன்: சொன்னேன். ஒங்கப்பா எஸ்டேட் ஆபீஸு கிராணி. கிராணி வூட்டுலேருந்து பொண்ணு கேட்டு வந்தா, முடியாதுன்னு சொல்ல, ஆளுங்கள வேல வாங்குற ஒரு மண்டோருக்கு வாய் வருமா? டிராக்டர் ஓட்டுற இவனும் கேட்டு நிக்கிறான். அதான் ரேஸுன்னு விட்டேன். காருக்குள்ள ஒரே ஆளு, மிசின் எது வேணா மாட்டிக்கலாம்... அதானே சட்டம்?

பாலகிருஷ்ணன்: இவன் காருல ரெண்டு ஆளு!

சேது: எங்க? எண்ணிப் பாரு. ஒண்ணு... அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு.

பாலகிருஷ்ணன்: அப்போ கியர எறக்குறப்போ எஞ்சின் தானா எப்படி ஒறுமுது?

சேது: மண்டோரே, நீங்களே கேளுங்க. போன வருசம் செம்பனைப் பழக்குலை காலு மேல விழுந்ததுலேருந்து எனக்கு வலது பாதம் வளையாது. வளைவு வந்தா பிரேக்க மிதிக்கணும், கியர எறக்கணும், அதே நேரம் ஆக்சிலேட்டர ஒரு தட்டு தட்டணும். தட்டலன்னா பின் சக்கரம் இழுத்துக்கும், காரு லோங்காங்கு சாக்கடைக்குள்ள தலகீழா கெடக்கும். இந்தக் கால வெச்சிக்கிட்டு ரெண்டையும் மிதிக்க முடியுமா? அதான், அந்தத் தட்ட மிசின் தட்டுது. ஆட்டோமேட்டிக்.

பாலகிருஷ்ணன்: இந்த எம்பத்தாறாம் வருசம் வரைக்கும் எவன் காருலயும் நான் பாத்ததில்ல, இவன் கண்டுபுடிச்சிட்டானாம்! மீன் புடிக்கிற தூண்டி நரம்புல்ல முன்னாலேருந்து பின்பெட்டிக்குள்ள போவுது!

சேது: நரம்புன்னா துரு புடிக்காது லா.

பாலகிருஷ்ணன்: நான் பின்னாலயே வந்தேன் மண்டோரே. பெட்டிக்குள்ள வளையல் சத்தம் கேட்டுச்சு!

சேது: பல்சக்கரம்.

பாலகிருஷ்ணன்: பெரிய பள்ளத்துல "ஐயோ அம்மா"ன்னுச்சு!

சேது: அது... பல்சக்கரத்துக்கு எண்ணெய் பத்தல.

உடையப்பன்: எண்ணெய் போடக் கூடாதாடா? பாவம்.

பாலகிருஷ்ணன்: மல்லிப்பூ வாசன வருது, மோந்து பாருங்க!

சேது: முனியாண்டிக்குப் போட்ட பூவு.

உடையப்பன்: சாமி பூவ சந்தேகப்படாத பாலா. ஆகாது.

பாலகிருஷ்ணன்: சரி, லீலாவதி எங்க? ஊரே ரேஸு பாக்க வந்திருக்கு, அவள மட்டும் காலையிலேருந்து காணோம்!

உடையப்பன்: கோலசிலாங்கூருக்குப் போயிருக்கா. சித்தி வூட்டுக்கு.

சேது: ரொம்ப தூரம்.

பாலகிருஷ்ணன்: இப்படியெல்லாம் கேட்டா ஆவாது. ஒரு ஒத ஒதச்சா தெரியும்...

சேது: டேய் டேய்! ஒதைக்காதடா, உள்ள தலை இருக்கு!

பாலகிருஷ்ணன்: என்ன தலை?

சேது: மிசினோட தலை...

பாலகிருஷ்ணன்: இந்தா! தும்முச்சு! கேட்டீங்கல்ல?

உடையப்பன்: நான்தான் தும்முனேன்.

பாலகிருஷ்ணன்: ஒங்க வாயி மூடியிருந்துச்சே!

உடையப்பன்: கழுத்து புடிச்சவன் அப்படித்தான் தும்முவான். சேது, சாவியக் குடு.

சேது: மண்டோரே...

உடையப்பன்: குடுன்னா குடு. நடுவரு நான், நான் பாக்குறேன். பாலா, நீ பத்தடி தள்ளி நில்லு. சூடான மிசின் மூஞ்சியில அடிச்சா ஒங்கப்பாவுக்கு நான் பதில் சொல்லணும்.

சேது: வேணாம் மாமா. தொறக்காதீங்க. கப்ப அவனுக்கே குடுத்துடுங்க. நான் தோத்துட்டேன்னு எழுதிக்கங்க.

உடையப்பன்: தோத்தா என்ன போவும்னு தெரியுமில்ல?

சேது: தெரியும். உசுரே போவும். ஆனா ஊரு முன்னால உள்ள இருக்கறதுக்கு ஒரு அசிங்கம் வரக் கூடாது.

உடையப்பன்: ம்... தள்ளு அந்தாண்ட. ... பாத்துட்டேன். மூடியும் ஆச்சு.

பாலகிருஷ்ணன்: என்ன இருந்துச்சு? யாரு இருந்தா?

உடையப்பன்: மிசின்தான்.

பாலகிருஷ்ணன்: மிசினா! என்ன மாதிரி மிசின்?

உடையப்பன்: நல்ல மிசின். மொறைக்குது.

பாலகிருஷ்ணன்: நானும் பாக்கணும்!

உடையப்பன்: நடுவரு பாத்தாச்சு, தீர்ப்பும் சொல்லியாச்சு. உடையப்ப மண்டோர் பொய் சொல்றான்னு இத்தன சனத்துக்கு முன்னால சொல்லப் போறியா? போப்பா... ரெண்டாவது பரிசு பிளாஸ்கு. நல்லம்மாள்கிட்ட இருக்கு, வாங்கிக்க.

பாலகிருஷ்ணன்: எனக்கு எதுக்கு பிளாஸ்கு!

உடையப்பன்: சுடுதண்ணி பன்னெண்டு மணி நேரம் ஆறாது.

பாலகிருஷ்ணன்: பன்னெண்டு மணி நேரமா... எங்கப்பாகிட்ட சொல்லாம விட மாட்டேன்! எந்த நல்லம்மாள்? கோயில் பக்கத்து லயத்து நல்லம்மாளா?

உடையப்பன்: அவதான். ஓடு.

சேது: போயிட்டான்... மாமா, கோவமா? நான் வேணாம்னுதான் சொன்னேன். "ஒங்க காலு தட்டாதத என் கை நரம்புல இழுக்கும், எனக்காகத்தானே ரேஸு"ன்னு அவதான் ஏறிப் படுத்துக்கிட்டா. சத்தத்தக் கேட்டே சரியா இழுத்தா மாமா, ஒரு வளைவு கூடத் தப்பல. முனியாண்டி மேல ஆணையா, மெத்துன்னு தலகாணி கெடந்ததாலதான் சரின்னேன். அதக் கூட நான் வெக்கல. காலையில தொறந்து பாத்தா உள்ள கெடக்கு. அவளும் தனக்குத் தெரியாதுங்கிறா.

உடையப்பன்: போதும், வாய மூடு. இந்தா கப்பு, புடி. லீலா... ஆளு போயிட்டான், எறங்கும்மா. எறங்குறப்போ அந்தத் தலகாணியையும் எடுத்துட்டு வா. நேத்து அது இல்லாம வெறும் கட்டையில படுத்துத்தான் என் கழுத்து இப்படிக் கெடக்கு.