நாற்பத்தொரு வாசகர்கள்

எங்கள் கிளை அஞ்சலகத்தில் பசை அடிக்கடி தீர்ந்துபோகும், இன்ஸ்பெக்டர் ஐயா. எழுதிக் கேட்டால் மூன்று மாதம் கழித்துக் கால் புட்டி வரும். அதனால் உறைகளை நான் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிடுவேன். இரண்டு பருக்கை போதும். பொன்னி அவ்வளவாக ஒட்டாது, ரேஷன் அரிசிதான் சரி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் மேசைமேல் பரப்பி வைத்திருக்கும் உறைகளின் ஓரத்தில் எறும்பு அரித்த தடம் இருக்கிறது. அது என் கவனக்குறைவு. மற்றதையெல்லாம் கவனமாகவே செய்தேன்.

போஸ்ட்மாஸ்டர் குழந்தைராஜ் சாருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவருடைய வீட்டு முன்னறைதான் அஞ்சலகம் என்றாலும், இரண்டு கண்ணிலும் புரை விழுந்த பிறகு அவர் முத்திரைச் சத்தத்தைக் கேட்டே வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்வார். திருவிடைமருதூரிலிருந்து காலையில் பை வரும். பிரிப்பது, முத்திரை குத்துவது, நான்கு ஊருக்குச் சைக்கிளில் கொண்டுபோவது எல்லாம் ஜெரால்ட் ஆகிய நான்தான்.

எனக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். வெளிநாட்டுக் கதைகளில் தபால்காரன் எப்போதும் பனியில் வருவான். நானும் வாய்க்கால் கரையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது கனமான மேலங்கி போட்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன், சித்திரை வெயிலில். மேட்டூரைத் திறக்காத வருடங்களில் தரிசு வெளுத்துக் கிடக்கும். அதைப் பனி என்று வைத்துக்கொள்வேன். விவசாயிகள் வயிறெரிந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒருவன்தான் அந்த வறட்சியை ரசித்தவன். இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது.

எங்கள் பக்கத்தில் தபால்காரன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு மட்டும் போக முடியாது. பாதி வீடுகளில் உட்கார்ந்து படித்தும் காட்ட வேண்டும். சைத்தூன் பீவியின் மகன் யூனுஸ் ஜித்தாவில் லாரி ஓட்டுகிறார். ஒரு முறை அவர், நெஞ்சுவலி வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததாக எழுதியிருந்தார். அந்தம்மா முகத்தைப் பார்த்தேன். “மூணு நாள் லீவு குடுத்தாங்க, நல்லா தூங்கினேன்” என்று படித்தேன்.

“அல்ஹம்துலில்லாஹ். எம்புள்ளைக்கு ஓய்வு குடுக்குறாங்களே” என்றார் அவர். “நீ படிச்சா ரேடியோவுல படிக்கிற மாதிரி இருக்கு தம்பி. மத்தவன் படிச்சா கணக்குப்புள்ள படிக்கிற மாதிரி இருக்கு.”

அதை என் முதல் மொழிபெயர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு நான்கு ஊர்களிலும் யாருக்கும் கெட்ட செய்தி வரவில்லை.

இப்போது சுடர்விழி. ரெத்தினம், கண்ணாத்தாள் தம்பதியின் ஒரே பெண். நாற்று நட்ட குடும்பத்தில் முதல் பட்டதாரி. பள்ளியில் என் வகுப்பு. டைப்ரைட்டிங் நிலையத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ‘ஏழாம் எண் தூதரகம்’ என்று ஓர் அரசியல் உளவு நாவல் எழுதினாள். நதிநீர்ப் பேச்சுவார்த்தைக் கோப்பு ஒன்று டெல்லியிலிருந்து திருடு போகிறது. தூதரகத்தில் பெருக்கித் துடைக்கும் ஒரு பெண், கசக்கிய தாள்களைக் குப்பைப் பையில் வைத்து வெளியே அனுப்பியே ஒரு மந்திரியைக் கவிழ்த்துவிடுகிறாள். டெல்லியை அவள் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை, ஆனால் நிறையப் படித்திருந்தேன்.

கையெழுத்துப் பிரதியை முதலில் படித்தவன் நான். பதினோரு பக்கத்துக்குக் கருத்து எழுதிக் கொடுத்தேன். கடைசிக் காட்சியில் பனி பெய்ய வேண்டும், அவள் ரயிலேறும்போது தண்டவாளம் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பது அதில் முக்கியமானது.

“டெல்லியில பனி கொட்டாது ஜெரால்டு.”

“மூடுபனி இருக்கும்ல?”

“அது புகை மாதிரி இருக்குமாம். நீ சொல்றது ஐஸ் வண்டி கவுந்த மாதிரில்ல இருக்கு.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். பதினோரு பக்கத்தில் ஒரே ஒரு காற்புள்ளியை மட்டும் ஏற்றுக்கொண்டாள். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. எந்தக் காற்புள்ளி என்று இன்றும் நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

1996 தை மாதம் நாவல் சென்னையில் ஒரு மாத நாவல் பத்திரிகையில் வந்தது. வாசகர் கருத்துகளை எழுத்தாளருக்கே நேராக அனுப்பச் சொல்வது அந்தப் பத்திரிகையின் வழக்கம். அவள் முகவரியும் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அவள் வீட்டிலோ வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. இரண்டு போகம் பொய்த்துவிட்டது. வீட்டு வேலைக்குப் பெண்களைக் குவைத்துக்கு அனுப்பும் ஏஜென்ட் ஒருவர் வந்து போயிருந்தார். அவள் அப்பாவிடம் ஒரு வாக்குக் கொடுத்தாள். சித்திரை முடியும்வரை பொறுங்கள், என் எழுத்தைப் படித்து நாலு பேர் நல்லபடியாகச் சொன்னால் சென்னைக்குப் போய்ப் பத்திரிகையில் வேலை கேட்கிறேன், யாரும் எழுதாவிட்டால் நீங்கள் சொல்லும் இடத்துக்குப் போகிறேன் என்றாள். ரெத்தினம் ஒப்புக்கொண்டார். இது எனக்கு நன்றாகத் தெரியும். அவளே சொன்னாள். தினமும் காலை பத்தரைக்கு வாசலில் நின்று என் சைக்கிளைப் பார்ப்பாள்.

முதல் கடிதம் திருப்பூரிலிருந்து வந்தது. கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்தேன். ‘கதை ஆமை வேகத்தில் போகிறது. உளவாளி பழைய சோறு தின்பது நம்பும்படி இல்லை.’ இதைப் போய் அவளிடம் கொடுப்பதா? என் வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. என் வீட்டில் கூரையோடு ஒட்டி ஒரு நெல் குதிர் இருக்கிறது, விளைச்சல் இல்லாததால் காலி. அதில் போட்டேன்.

இரண்டாவது பாராட்டுக் கடிதம். ஆனால் அந்த ஆள் கடைசி வரியில், தங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்று கேட்டிருந்தார். ஒரு பெண்ணின் பாதுகாப்பை நான் யோசிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது, வேலூரிலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார். ‘நான் இருபது வருடம் சிக்னல்ஸில் இருந்தவன். சங்கேத விஷயங்கள் மிகச் சரி. இந்த அம்மாளுக்கு யார் சொன்னார்கள்?’ அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் தொழில்நுட்பத்தைப் பாராட்டுவது இலக்கிய விமர்சனம் ஆகாது. பரமக்குடியிலிருந்து ஒரு பெண், அந்தப் பெருக்கும் பெண்ணைப் படித்த பிறகு தன் முதலாளி வீட்டில் நிமிர்ந்து நின்று பேசியதாக எழுதியிருந்தாள். உணர்ச்சிவசப்பட்ட கடிதம். இப்படிப்பட்ட வாசகர்கள்தான் எழுத்தாளரைக் கெடுப்பவர்கள்.

மொத்தம் நாற்பத்தொன்று. முப்பத்தாறில் பாராட்டு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் என் குறிப்பு இருக்கிறது, பாருங்கள். அடிப்படைப் புரிதல் உள்ளவை என்று எட்டைத்தான் சொல்வேன். தரவாரியாக அடுக்கித்தான் வைத்திருந்தேன், உங்கள் ஆட்கள் குதிரிலிருந்து அள்ளும்போது கலைத்துவிட்டார்கள்.

பத்திரிகை ஆசிரியரும் எழுதினார். பங்குனியில் ஒன்று, சித்திரையில் ஒன்று. பிழை திருத்தும் வேலை காலியாக இருக்கிறது, இன்னொரு நாவலும் வேண்டும், உடனே வரவும் என்று. அவை இரண்டும் அந்த நாற்பத்தொன்றில் சேராது. அவர் முதலாளி, வாசகர் அல்ல.

எனக்கு அவள்மேல் ஆசை எதுவும் கிடையாது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் போனால் அவள் எழுத்து பாழாகிவிடும் என்று நினைத்தேன். குவைத்துக்குப் போவாள் என்றும் நினைக்கவில்லை. ஒரு கருத்தும் வராவிட்டால் மனம் தளர்ந்து, அந்தப் பதினோரு பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்ப்பாள் என்று நினைத்தேன். நான் படித்த கதைகளிலெல்லாம் அந்த இடத்தில் அவள் திரும்பி வருவாள்.

ஆனால் ஒன்றுமே வராமல் இருப்பது கொடுமை என்று தோன்றியது. நான் இரக்கமில்லாதவன் அல்ல. சித்திரைக் கடைசி வாரத்தில் நானே ஒன்று எழுதினேன். இடது கையால், திருவாரூர் வாசகர் ஒருவர் பெயரில். பஸ் ஏறிப் போய்த் திருவாரூரிலேயே தபாலில் போட்டேன். உளவு நாவல் படித்தவன் முத்திரையில் கோட்டைவிடக் கூடாது அல்லவா. மறுநாள் பையில் என் கடிதம் எனக்கே வந்தபோது, உண்மையைச் சொன்னால், முத்திரை குத்துவதற்கு முன் இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். எனக்கு யாரும் கடிதம் எழுதியதில்லை.

அவள் வாசலில் நின்றாள். உறையைப் பார்த்ததும் முகம் எப்படி ஆயிற்று என்பதை எழுத எனக்குத் திறமை போதாது.

“எனக்குப் பயமா இருக்கு. நீயே படி ஜெரால்டு” என்றாள். ரெத்தினமும் கண்ணாத்தாளும் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

படித்தேன். ‘ஆசிரியைக்கு அரசியலும் தெரியவில்லை, தலைநகரமும் தெரியவில்லை. குப்பைப் பை வழியாக ரகசியத் தாள் வெளியே போவது சிறுபிள்ளைத்தனம். முடிவில் கவித்துவம் இல்லை. தெரிந்த வேலையைச் செய்வது நல்லது.’ நான்கு ஊர்களில், ஆறு வருடத்தில், ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் நான் படித்துக் காட்டிய ஒரே கடிதம் அதுதான்.

பிறகு சுடர்விழி, “ஒருத்தராச்சும் கடைசி வரைக்கும் படிச்சிருக்காங்கல்ல” என்றாள். உறையை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

“அதான் சொல்லிட்டாங்களே தாயி” என்றார் ரெத்தினம், தரையைப் பார்த்தபடி. “தெரிஞ்ச வேலையப் பாருன்னு. விடு.”

ஜூன் இரண்டாம் தேதி ஏஜென்ட்டின் வேன் வந்தது. ஊரே நின்று வழியனுப்பியது. வேன் ஏறும்போது என்னிடம், “அப்பாவுக்கு எழுதுறேன். நீ படிச்சுக் காட்டிடு” என்றாள்.

பதினான்காம் தேதி பத்திரிகையிலிருந்து பதிவுத் தபால் வந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ‘ஊரில் இல்லை’ என்று எழுதித் திருப்பியிருந்தால் இன்று நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அவளுடைய கையெழுத்தை ஒப்புதல் அட்டையில் நானே போட்டேன். ‘சு’ போடுவதில் அவளுக்கு ஒரு சுழிப்பு உண்டு, அதுகூடச் சரியாக வந்தது. தேதியைத்தான் யோசிக்கவில்லை. பன்னிரண்டு நாளுக்கு முன் விமானம் ஏறியவள் எப்படிக் கையெழுத்துப் போடுவாள்? நாலாந்தர உளவு நாவலில்கூட இப்படி ஒரு தவறு வராது. அவள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நீங்கள் எழுதச் சொன்னது இவ்வளவுதான். ஆனால் பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் இந்த இரண்டு நீலக் கடிதங்களையும் வைக்கிறேன். இவை குதிரில் இல்லை, என் சட்டைப் பையிலேயே இருந்தன. ஆவணியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. குவைத்திலிருந்து, ரெத்தினம் பெயருக்கு.

ஆவணிக் கடிதத்தை இங்கே அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம். ‘ஜெரால்டு, இதை நீதான் படிப்பாய் என்று தெரியும். அப்பாவிடம் மெதுவாகச் சொல், பயந்துவிடுவார். ஆனால் சொல்லிவிடு. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். மாடியில் துணி காயும் அறையில் வைத்து வெளியே பூட்டுகிறார்கள். வலது கையில் இஸ்திரிப் பெட்டி வைத்த புண் ஆறவில்லை, எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். இதைக் குப்பைப் பையில் வைத்துக் கீழே அனுப்புகிறேன். பக்கத்து வீட்டு மலையாளி டிரைவர் எடுத்துத் தபாலில் போடுவார். எம்பசிக்கு யாரையாவது எழுதச் சொல்.’ ஐப்பசிக் கடிதம் இதைவிடச் சிறியது. நான்கு வரி.

ஆவணியில் அதைக் கொண்டுபோனபோது ரெத்தினம் கேட்டார், “என்ன தம்பி எழுதிருக்கு, சொல்லுங்க.”

“சௌக்கியமா இருக்காங்களாம். மாடியில தனி ரூம் குடுத்திருக்காங்களாம்.”

“தனி ரூமா” என்று கண்ணாத்தாளைப் பார்த்துச் சிரித்தார். பதில் எழுத முகவரி வேண்டும் என்று கடிதத்தை வாங்கி வந்துவிட்டேன். மெதுவாகச் சொல் என்றுதான் அவளும் எழுதியிருந்தாள்.

மூன்றாவது கடிதம் வரவில்லை. கார்த்திகையிலிருந்து தினமும் பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடுகிறேன்.

குப்பைப் பை விஷயத்தில் என் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ஐயா. அது நடக்கக்கூடியதுதான். மற்றபடி இந்தக் கடிதங்களைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஒரு சொல் மிகையில்லை. நாவலில் நான் காட்டிய குறைகளில் ஒன்றுகூட இதில் கிடையாது. அவள் எழுதியதிலேயே சிறந்தது இதுதான். நீங்கள் அவளைக் கண்டுபிடித்தால், திருவாரூர் வாசகரின் கருத்து வீண்போகவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.