கூடத்துச் சுவரில் இருப்பவர்

தங்கை: அண்ணா, அவன் ஏலத்துல மறுபடியும் விலையை ஏத்திட்டான்.

அண்ணன்: நீயும் ஏத்து.

தங்கை: இப்பத்தானே ஏத்தினேன்... கை ஓஞ்சு போச்சுண்ணா.

அண்ணன்: ஒரு விரலால பட்டனைத் தட்டறதுக்குக் கை ஓயுதா உனக்கு?

தங்கை: காலையில அரை நாள் ஸ்கூல்ல நாற்பது பிள்ளைங்களோட கத்திட்டு வந்திருக்கேன். நீங்களே தட்டுங்களேன்.

அண்ணன்: நான் தட்டினா அது எங்கேயோ போய் நிக்குது. போன தடவை சுவர்க் கடிகாரத்துக்குக் கேட்கப் போய், பல் டாக்டர் நாற்காலி வந்து இறங்குச்சு.

தங்கை: அதுலதானே இப்ப சாஞ்சிருக்கீங்க.

அண்ணன்: முதுகுக்கு நல்லாத்தான் இருக்கு. அதை விடு... ஏத்தினியா?

தங்கை: ஏத்திட்டேன். இருங்க... அவனும் ஏத்திட்டான்.

அண்ணன்: யாருடா இவன்! வேலைவெட்டி இல்லாதவனா?

தங்கை: அவன் வீட்லயும் இதையேதான் சொல்லிட்டு இருப்பாங்க. பேரு போடலை, ஒரு நம்பர்தான் போட்டிருக்கு. இது மத்தியானமே முடிய வேண்டிய ஏலம்ணா. கடைசி நிமிஷத்துல யாராவது கேட்டா அந்த சைட்டு இன்னும் அஞ்சு நிமிஷம் தள்ளி வச்சிடுது. அவனும் விடமாட்டேங்கிறான், நீங்களும் விடமாட்டேங்கிறீங்க. விளக்குப் போடற நேரம் ஆச்சு.

அண்ணன்: அப்ப விளக்கைப் போடு. விடறதாவது! நாளைக்குச் சம்பந்தி வீட்ல மொத்தப் பேரும் வந்து இந்தக் கூடத்துல உட்காரப் போறாங்க. அதுக்குள்ள படத்துல இருக்கிற அந்த அம்மா நம்ம கைக்கு வந்துடணும்.

தங்கை: எப்படி வருவாங்க? பெட்டி கட்டி, லாரியில ஏத்தி, வந்து சேர ரெண்டு வாரம் ஆகும்.

அண்ணன்: படம் மெதுவா வரட்டும். சைட்டுல அதைப் போட்டிருக்கிற பக்கம் யார் கண்ணுலயும் படாம ஒழிஞ்சா போதும் எனக்கு.

தங்கை: என்ன போட்டிருக்கான்னு இன்னொரு தடவை படிக்கட்டுமா?

அண்ணன்: வேண்டாம்.

தங்கை: "எண்ணெய் வண்ண ஓவியம். நாற்காலியில் அமர்ந்த பெண்மணி, மடியில் விசிறி..."

அண்ணன்: வேண்டாம்னு சொல்றேன்ல.

தங்கை: "...சோப்பு வியாபாரி ஒருவரின் மனைவி. இணைப்படமான கணவரின் ஓவியம் சில ஆண்டுகளுக்கு முன் இதே தளத்தில் விற்பனையானது." கீழே சின்னதா கணவர் போட்டோ. அதே மீசை, அதே கைத்தடி, காதோரம் அதே மச்சம். தலையைத் தூக்கிப் பாருங்க, உங்க தலைக்கு மேலே அவரேதான் முறைச்சுட்டு இருக்கார்.

அண்ணன்: மெதுவாப் பேசு. உங்க அண்ணியும் பாப்பாவும் வந்துடப் போறாங்க.

தங்கை: தையல்கடைக்குப் போனவங்க அவ்வளவு சீக்கிரம் வரமாட்டாங்க. அண்ணா... நம்ம தாத்தா சோப்பு வித்தாராமே.

அண்ணன்: உனக்கு எல்லாமே சிரிப்புதான்.

தங்கை: சிரிக்கக்கூடத் தெம்பு இல்லை எனக்கு. தினமும் அந்த ஆளுக்குக் கண்ணாடி துடைக்கிறவ நான்தானே? யாரு பெத்த பிள்ளையோ... மரப்பெட்டியில வைக்கோலைச் சுத்திட்டு வந்து இறங்கினார். ஒரே வருஷத்துல தாத்தா ஆயிட்டார்.

அண்ணன்: நான் அவரைத் தாத்தான்னு ஒரு நாளும் சொன்னதில்லை.

தங்கை: ஓ!

அண்ணன்: சட்டம் நல்லா இருந்தது, கைவேலை நல்லா இருந்தது, வாங்கி மாட்டினேன். வந்த மனுஷன் ஒருத்தர், "தாத்தாவா?"ன்னு கேட்டார். நான் சும்மா இருந்தேன். அவ்வளவுதான். ஆமான்னு நான் சொல்லவே இல்லை.

தங்கை: இல்லைன்னும் சொல்லலையே.

அண்ணன்: கேட்டவர் அதுக்குள்ள, "கண்ணு அப்படியே உங்க கண்ணு"ன்னுட்டார். அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?

தங்கை: அப்புறம் எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சாங்க. பஞ்சாயத்து பண்ணினவர், யாருக்கும் தலை வணங்காதவர், குதிரை வச்சிருந்தவர்...

அண்ணன்: குதிரை உங்க அண்ணி சேர்த்தது.

தங்கை: நம்ம நிஜத் தாத்தா மூட்டை தூக்கினவர்ணா.

அண்ணன்: அதை நான் மறைக்கலை. யாரும் கேட்கலை.

தங்கை: அவர் மூஞ்சி எப்படி இருக்கும்னுகூட நமக்குத் தெரியாது.

அண்ணன்: ...அது தெரிஞ்சிருந்தா அதையே மாட்டியிருப்பேன். எவ்வளவு பெரிய சுவர் இது. புது வீட்டுக்கு வந்த அன்னைக்கு நீயும்தானே பார்த்தே? வர்றவன் எல்லாம் முதல்ல அந்த வெறுஞ்சுவரைப் பார்ப்பான், அப்புறம் என்னைப் பார்ப்பான். நேத்து முளைச்சவன்னு நினைக்கிற மாதிரி... சரி, நேரம் என்ன காட்டுது?

தங்கை: ரெண்டு நிமிஷம். அவன்தான் மேல இருக்கான்.

அண்ணன்: ஏத்து!

தங்கை: ஏத்தறேன், ஏத்தறேன். நான் ஒண்ணு சொன்னா கோபப்படக் கூடாது.

அண்ணன்: இந்த ஆரம்பமே சரியில்லையே.

தங்கை: நாம வாங்கிட்டாலும் அந்தப் பக்கம் ஒழியாதுண்ணா.

அண்ணன்: ஏன் ஒழியாது? காசு கொடுத்து வாங்கின சாமானை இன்னும் கடையில வச்சிருப்பானா?

தங்கை: சாமானை வச்சிருக்க மாட்டான், போட்டோவை வச்சிருப்பான். "விற்கப்பட்டது"ன்னு ஒரு முத்திரை குத்தி, பின்னாடி தள்ளிடுவான். நம்ம தாத்தாவே இன்னும் அங்கேதான் இருக்கார். நான் தேடிப் பார்த்தேன்.

அண்ணன்: எப்பப் பார்த்தே?

தங்கை: மத்தியானமே.

அண்ணன்: மத்தியானமே தெரிஞ்சும் இவ்வளவு நேரம் தட்டிட்டு இருந்தியா?

தங்கை: சொன்னா நீங்க விடவா போறீங்க?

அண்ணன்: ...பின்னாடி தள்ளிடுவான்னு சொன்னேல்ல?

தங்கை: ஆமா.

அண்ணன்: முன்பக்கத்துல இருக்காது?

தங்கை: இருக்காது. தேடினாத்தான் வரும்.

அண்ணன்: அது போதும். சம்பந்தி தேடற ஆள் இல்லை. காலையில பேப்பரை விரிக்கிறதுக்கு முன்னாடி இந்த சைட்டு முன்பக்கத்தைத்தான் பார்க்கிறாராம். அவரே சொன்னார். இன்னைக்கு இது வந்ததே அதுக்கப்புறம்தான். பழைய சாமான் பைத்தியம்.

தங்கை: அதனாலதானே உங்களுக்கு அவரைப் பிடிச்சுது.

அண்ணன்: அதனாலதான் இப்ப பயமாவும் இருக்கு. பாப்பா அவளா விரும்பிச் சொன்ன இடம். அவங்களும் மதிப்பாப் பேசறாங்க. நாளைக்கு அந்த மனுஷன் இங்கே உட்கார்ந்து, தலையைத் தூக்கி ஒரு தடவை சுவரைப் பார்த்து... வாயைத் திறந்துகூட ஒண்ணும் சொல்ல வேண்டாம். உதட்டோரம் ஒரு சிரிப்பு சிரிச்சாலே போதும். அதுக்கப்புறம் பொண்ணைப் பெத்தவன் நான் எங்கே நிமிர்ந்து நிக்கிறது?

தங்கை: படத்தைக் கழட்டி உள்ளே வச்சிடலாம்ல?

அண்ணன்: ஏற்கெனவே பார்த்துட்டுப் போனவங்கம்மா. தாத்தா எங்கேன்னு கேட்டா? சட்டத்துக்குப் பின்னாடி சுவர் வேற வெளுத்துக் கிடக்கு.

தங்கை: நிஜத்தைச் சொல்லிடலாம்ல?

அண்ணன்: ஏத்தினியா இல்லையா?

தங்கை: ஏத்திட்டேன். இப்ப நாமதான் மேல. அவனைக் காணோம்... அண்ணா, உங்க போன் அடிக்குது.

அண்ணன்: யாரு?

தங்கை: சம்பந்தி.

அண்ணன்: ஐயோ. பார்த்துட்டார்.

தங்கை: எடுங்கண்ணா. எடுக்கலைன்னா இன்னும் மோசம்.

அண்ணன்: நீ எடு. நான் தூங்கறேன்னு சொல்லு.

தங்கை: இந்த நேரத்துலயா? எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.

அண்ணன்: ...வணக்கம் சம்பந்தி! சொல்லுங்க, சொல்லுங்க.

சம்பந்தி: வணக்கம் சம்பந்தி. தொந்தரவு பண்றேனோ?

அண்ணன்: சேச்சே. சும்மாதான் இருக்கேன். தங்கச்சியோட பேசிட்டு...

சம்பந்தி: நாளைக்கு நாங்க சரியா பத்து மணிக்கு வந்துடுவோம். அதைச் சொல்லலாம்னு... இல்லை, அதுக்காக மட்டும் கூப்பிடலை. ஒரு சங்கடமான விஷயம்.

அண்ணன்: ...சொல்லுங்க.

சம்பந்தி: நீங்க நம்ம ஏல சைட்டை இன்னைக்குப் பார்த்தீங்களா?

அண்ணன்: இன்னைக்கா... கல்யாண வேலையில எங்கே நேரம்...

சம்பந்தி: அதுல ஒரு அம்மா படம் வந்திருக்கு. உங்க கூடத்துல இருக்கிற பெரியவரோட ஜோடி. அதே சட்டம், அதே கைவேலை. நாளைக்கு வரும்போது ரசீதோட வந்து உங்க கையில கொடுக்கலாம்னு நினைச்சு, மத்தியானத்துலேருந்து கேட்டுட்டு இருக்கேன். எவனோ ஒரு வீம்பு பிடிச்சவன் விடவே மாட்டேங்கிறான் சம்பந்தி!

தங்கை: அண்ணா...

அண்ணன்: இரு.

தங்கை: நீங்க பேச ஆரம்பிச்சதுலேருந்து அவன் ஏத்தவே இல்லை.

அண்ணன்: இரும்மா!

சம்பந்தி: என்ன சொல்றாங்க?

அண்ணன்: ஒண்ணுமில்லை. காபி வேணுமான்னு கேட்கிறா.

சம்பந்தி: நீங்க குடிங்க. நான் மதியச் சாப்பாடே இன்னும் சாப்பிடலை. என் சம்சாரம் லேப்டாப்பைத் தூக்கி எறிஞ்சிடுவேன்னு நிக்கிறா. அதான் உங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு... அவங்க உங்க பாட்டிதானே? ஆமான்னு நீங்க சொல்லிட்டா, அவன் எவ்வளவு ஏத்தினாலும் நான் விடப் போறதில்லை. ஆமாவா, இல்லையா? ஒரே வார்த்தை... ஹலோ? சம்பந்தி?

தங்கை: அண்ணா, லைன்ல இருக்கார்.

அண்ணன்: இருக்கேன் சம்பந்தி. நீங்க ஏத்த வேண்டாம்.

சம்பந்தி: ஏன்? செலவைப் பத்தி...

அண்ணன்: அவங்க என் பாட்டி இல்லை. இங்கே சுவர்ல இருக்கிறவரும் என் தாத்தா இல்லை. அவர் சோப்பு வித்தவர். என் தாத்தா மூட்டை தூக்கினவர், அவருக்குப் படமே கிடையாது. இதுவரைக்கும் யார் கேட்டாலும் வாயை மூடிட்டு இருந்துட்டேன். அது வேற. உங்க கையால ஒரு பொருளை வாங்கிக்கணும்னா நான் ஆமான்னு சொல்லணும். அது என்னால ஆகாது. அந்த வீம்பு பிடிச்சவனும் நான்தான். நீங்க பார்த்துடக் கூடாதேன்னு மல்லுக்கட்டிட்டு இருக்கேன். இனி நாளைக்கு வர்றதும் வராததும் உங்க இஷ்டம். பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை, அதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

சம்பந்தி: அடடா... அடடடா. உங்களோடயா இவ்வளவு நேரம்?

தங்கை: அண்ணா, ஏலம் முடிஞ்சுபோச்சு.

அண்ணன்: யாருக்கு?

தங்கை: நமக்குத்தான். கடைசியா நாமதானே கேட்டோம்.

சம்பந்தி: ரெண்டாவது தடவையும் உங்ககிட்ட தோத்துட்டேன் போங்க.

அண்ணன்: ரெண்டாவது தடவையா?

சம்பந்தி: அந்தப் பெரியவர் ஏலத்துக்கு வந்தப்பவும் கடைசி வரைக்கும் உங்களோட போட்டி போட்டு நின்னது நான்தான். அப்ப நீங்க யாரு, நான் யாரு. போச்சேன்னு ஒரு வாரம் சரியாச் சாப்பிடலை. பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு உங்க கூடத்துல காலை வைக்கிறேன்... எதிர்ல நிக்கிறார்.

அண்ணன்: அப்ப... அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?

சம்பந்தி: தெரியும்.

அண்ணன்: உங்க வீட்ல?

சம்பந்தி: யாருக்கும் சொல்லலை.

அண்ணன்: என் முன்னாடி உட்கார்ந்து, உங்க அண்ணி சொன்ன... இல்லை, என் சம்சாரம் சொன்ன குதிரைக் கதையை எல்லாம் கேட்டீங்களே! அப்பவே எழுந்து போயிருக்கலாமே? ஏன் சம்பந்தி ஒரு வார்த்தை சொல்லலை?

சம்பந்தி: எங்க அப்பா செங்கல் சூளையில பிறந்தவர் சம்பந்தி. அவருக்கு முன்னாடி யாருன்னு எங்களுக்குத் தெரியாது. எங்க வீட்டுச் சுவர் இன்னும் காலியாத்தான் இருக்கு... இந்தக் கல்யாணம் நடந்தா, பிறக்கப் போற பேரப்பிள்ளைங்க வழியா உங்க சுவர்ல இருக்கிற பெரியவர் எங்களுக்கும் தாத்தா ஆவார்ல? அதான் அன்னைக்குப் பேசாம இருந்துட்டேன், இன்னைக்கும் பாட்டிதானேன்னு கேட்டேன்.